மாமா குடித்தது தோடம்பழச் சோடா

எங்கள் கொண்டாட்டங்களில் சாப்பாட்டுக்கு முன்னால் ஆண்கள் ஒவ்வொருவராகக் கார் தரிப்பிடத்துக்குப் போய், சிவந்த கண்ணோடும் சிரித்த முகத்தோடும் திரும்பி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளே, அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல இருக்கவும் தெரியும். பத்து வயதில் எனக்கும் இரண்டும் தெரிந்திருந்தன. அதனால் ஒரு மனிதருடைய பாதி உடம்பு போனது. இதுவரை உங்களுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு என்று நினைக்கிறேன். நோர்வேயில் ட்வெய்ட்டா என்ற இடத்தில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். எதிர்க்கதவு சிலி மாமாவின் வீடு. சிலி நாட்டில் இராணுவம் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன காலத்தில் தப்பி வந்தவர். அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. அவரும் அப்பாவும் ஒரே இடத்தில் துப்புரவு வேலை. இருவருக்கும் நோர்வேஜிய மொழி அரைகுறைதான், ஆனாலும் அதிலேயே மணிக்கணக்காகக் கதைப்பார்கள்.

இருவருக்கும் பிரஷர் வேறு. வைத்தியர் தந்த குளிசையைப் போட்டால் அடிக்கடி மூத்திரம் வரும், மேற்பார்வையாளர் முறைப்பார் என்று வேலை நாட்களில் போடாமல் விட்டு, சனி ஞாயிறில் மட்டும் போடுவார்கள். வைத்தியரையே ஏமாற்றிவிட்டோம் என்று அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிலி மாமாவின் தகப்பன் மாரடைப்பிலும் தமையன் பாரிசவாதத்திலும் போனவர்கள். தங்கள் நாட்டு ஆட்களுக்கு இது குடும்பத்தோடு வருகிற வருத்தம் என்று அவருடைய மனைவி, எங்களுக்கு மாமி, அம்மாவிடம் சொல்வார். எங்களுக்கும் அப்படித்தான் என்று அம்மா சொல்லிவிட்டு, மாமியின் தட்டில் இன்னொரு ரோல்ஸை வைப்பார்.

தங்கச்சியின் பிறந்தநாளைப் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வைத்தோம். மாமி முதியோர் இல்லத்தில் வேலை முடித்துப் பிறகு வருவதாக இருந்தது. மாமா மட்டும் கோட்டுப் போட்டு, தலையை நனைத்துச் சீவிக்கொண்டு எங்களோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவின் காரில் டிக்கி திறந்தது. விஸ்கியில் கலப்பதற்கு வைத்திருந்த ஒரேஞ்சு நிறத் தோடம்பழச் சோடாவில் எனக்கு ஒரு கண். பிள்ளைகள் அங்கே போனால் அடி விழும். நான் போய்ப் பக்கத்துக் காருக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.

சித்தப்பா நீட்டிய கிளாஸை மாமா வாங்கவில்லை. சட்டைப் பையைத் தட்டி, இன்றைக்குக் குளிசை போட்டிருக்கிறேன் என்று காட்டினார். வெறும் சோடாவை ஒரு கப்பில் ஊற்றிக்கொண்டு திரும்பியவர் என்னைக் கண்டுவிட்டார். காரைச் சுற்றி வந்து கப்பை நீட்டினார். பாதியை நான் குடித்தேன். மீதியை அவர் குடித்துவிட்டுக் கண்ணடித்தார்.

அரை மணித்தியாலம் கழித்து மண்டபத்தில் பலூன் ஊதிக்கொண்டிருந்தார். பலூன் கையை விட்டுச் சீறிக்கொண்டு பறந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மாமா சுவரைப் பிடித்தார், பிடி கிடைக்கவில்லை. ஏதோ சொன்னார், வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு கதைப்பது போல இருந்தது. முகத்தில் ஒரு பக்கம் தொங்கியது.

"அண்ணை, சிலிக்காரருக்கு ஏறிட்டுது," என்றார் சித்தப்பா. "வேண்டாம் எண்டு போட்டு ஆரின்ரையோ கிளாஸை எடுத்து அடிச்சிருக்கிறார்."

அப்பாவும் சித்தப்பாவும் அவரை ஆளுக்கொரு பக்கம் தாங்கி, உடுப்பு மாற்றும் அறைக்குக் கொண்டுபோய், உடற்பயிற்சி மெத்தையில் கிடத்தினார்கள். அப்பா தன் ஜக்கெற்றை அவருக்குப் போர்த்திவிட்டு, விளக்கை அணைத்து, பின்னால் வந்து நின்ற என்னிடம் திரும்பினார்.

"மாமி வந்து கேட்டா, களைச்சுப் படுத்திட்டார் எண்டு சொல்லு. குடிவெறியெண்டு சொல்லிப்போடாதை. அவருக்கு மரியாதையில்லை."

அப்பா கெட்டவர் அல்ல. எங்கள் ஆட்களில் ஒருவருக்குக் கூடிவிட்டால் மனுசிமார் காணாமல் ஒளித்துப் படுக்கவைப்பது வழக்கம். தன்னுடைய ஆளாக நினைத்தபடியால்தான் மாமாவுக்கும் அதைச் செய்தார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வாய் கோணினால், கை சோர்ந்தால், வெறி என்று ஆயிரம் பேர் சொன்னாலும் முதலில் அம்புலன்ஸுக்கு 113ஐ அழையுங்கள்.

எனக்குத் தெரியும், அவர் குடிக்கவில்லை என்று. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அப்பா கேட்பார். வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு மாமா இடக்கையால் என் சட்டையைப் பிடித்தார். கண் திறந்தபடியே இருந்தது. தொண்டைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது. சோடா விசயத்தைச் சொல்லாதே என்கிறார் என்று நினைத்தேன். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று நோர்வேஜிய மொழியில் சத்தியம் பண்ணினேன். அவர் இன்னும் இறுக்கினார். மண்டபத்தில் பிறந்தநாள் பாட்டுத் தொடங்கிவிட்டது. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஓடினேன்.

மாமி வரும்போது இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. களைத்துப் படுத்திருக்கிறார் என்று ஒப்பித்தேன். பாவம், கிழமை முழுக்க வேலை என்று சொல்லி, இரண்டு ரோல்ஸ் சாப்பிட்ட பிறகுதான் அவரைப் பார்க்கப் போனார். விளக்கைப் போட்டு, முழந்தாளிட்டு, மாமாவின் இரண்டு கைகளையும் உயர்த்திப் பிடித்து, விட்டுப் பார்த்தார். வலக்கை பொத்தென்று விழுந்தது. எப்போது தொடங்கியது என்று அப்பாவிடம் கேட்டார். கொஞ்சம் குடித்துவிட்டார் என்று அப்பா தொடங்க, மாமி குனிந்து கணவரின் வாயை முகர்ந்தார்.

"மாமா சோடாதான் குடிச்சவர்," என்றேன். "என்னோடைதான் குடிச்சவர்."

அப்பா என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை.

அம்புலன்ஸில் வந்தவர்களும் எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பொலிஸ் போலக் குற்றவாளியைத் தேடுகிறார்கள் என்று பயந்தேன்; நேரத்தைப் பொறுத்துத்தான் மருந்து கொடுக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்பா நேரத்தை மறைக்காமல் சொன்னார். கேட்ட பெண் அதைக் கையுறையின் மேல் எழுதினார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பிவிட்டார்.

சில கிழமை கழித்து மாமாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலப்பக்கம் அசைவில்லை. நோர்வேஜிய மொழி முழுவதும் போய், ஸ்பானிஷில் நாலைந்து சொல் மிஞ்சியிருந்தது. அப்பாவுக்கும் அவருக்கும் இடையில் இருந்த ஒரே மொழி அதோடு முடிந்தது. அப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் வீட்டிலிருந்தே நோர்வேஜிய மொழியில் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தேன். நீங்கள் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை, மன்னியுங்கள் என்றேன். மாமா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, எச்சில் வடிய, நிறுத்தாமல் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். மாமி மட்டும் சிரிக்கவில்லை. துவாயால் அவருடைய வாயைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

மூளையில் இப்படி அடிபட்டவர்களுக்குத் துக்கத்திலும் சிரிப்பு வரும், அதை அவர்களால் நிறுத்த முடியாது என்று பல வருடங்கள் கழித்து ஒரு தாதி சொல்லித்தான் அறிந்தேன். அன்று திரும்பி வரும்போது, மாமா என்னை மன்னித்துவிட்டார் என்று பஸ்ஸில் அப்பாவுக்குச் சந்தோசமாகச் சொன்னேன்.

அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஓம்" என்றார்.