கமலாக்காவின் ஏப்ரல்

ஏப்ரல் பிறந்தால் கமலாம்பிகை அக்காவுக்கு இருப்புக்கொள்ளாது. கனடாவின் மில்லிக்கனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் பன்னிரண்டு வருடமாக அவரோடு நின்று, கறி வைத்துப் பொரிக்கிற ரோல்ஸ் உருட்டுகிறேன்; எனக்குத் தெரியாததா? மற்ற மாதங்களில் இயந்திரம் தோற்கும் வேகத்தில் உருட்டுகிற மனுசி, ஏப்ரலில் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுவார். அடுப்பை அணைத்துவிட்டு, நூர்த்தேனா என்று என்னைக் கேட்பார். நான் பொறுமைசாலி இல்லை. ஒரு வருடம் வாய்விட்டு ஏசியே விட்டேன். அன்றைக்குத்தான், வெங்காயம் உரித்தபடி, காரணத்தைச் சொன்னார்.

கனடாவுக்கு வருமுன் அவர் நாலு வருடம் பாங்கொக்கில் விசா இல்லாமல் இருந்தவர். மூன்றாம் மாடியில் ஓர் அறை, புருஷன் இரத்தினவேல், கைக்குழந்தை தேனுகா. ஏப்ரல் நடுவில் அங்கே சொங்கிரான், தாய்லாந்துக்காரரின் வருடப்பிறப்பு. கந்தோர், கடையெல்லாம் பூட்டு. நாற்பது பாகை வெயிலில் ஊரே தெருவில் இறங்கி ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும், கன்னத்தில் வெள்ளை மாப் பூசும். நம்மவர்கள் மட்டும் யன்னல் சீலையை இழுத்துவிட்டு வியர்வையில் கிடப்பார்கள். பிடிபட்டால் மறியல்; கம்பி எண்ண வேண்டியதுதான். யாராவது வந்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், அது தாலி கட்டினவனே ஆனாலும், "மாய் ரூ ஜாக்" என்று சொல்ல வேண்டும். அந்த ஊர்ப் பாஷையில் ஆளைத் தெரியாது என்று அர்த்தம். அவர்கள் முதலில் பாடமாக்கிய வசனம் அதுதானாம்.

ஒரு சொங்கிரான் அன்று பால்மா வாங்கப் போன இரத்தினவேல் அண்ணை, திரும்பி வரும்போது கட்டட வாசலிலேயே பொலிசில் மாட்டிக்கொண்டார். எந்த அறை என்று அவர் வாய் திறக்கவில்லை. கட்டட வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார்கள். புருஷனைக் காணாமல் இறங்கி வந்து, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரிக்குப் பக்கத்தில் பிள்ளையோடு நின்ற அக்காவையும் கேட்டார்கள், இந்த மனிதனைத் தெரியுமா என்று. அண்ணை நனைந்த உடுப்போடு, கன்னத்தில் யாரோ பூசிவிட்ட வெள்ளை மாவோடு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா சொன்னார்: "மாய் ரூ ஜாக்." அண்ணைக்குப் பதினொரு மாதம் மறியல். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். கெட்டிக்காரி என்று எல்லோரும் மெச்சினார்களாம். வீட்டுக்குள் மட்டும் அந்தக் கதையை இருவரும் ஒரு நாளும் எடுத்ததில்லை.

இப்படிப்பட்ட தாயின் மகள், படித்து முடித்துவிட்டு, உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல் பாங்கொக்குக்கே ஆங்கிலம் படிப்பிக்கப் போனால் என்ன செய்வது? பத்து மாதமாக அக்கா நாளுக்கு இரண்டு தரம் போன் எடுக்கிறார். ஹலோ சொல்ல முதலே கேள்வி வந்துவிடும்.

"பாஸ்போட் கையில இருக்கோ?"

"இருக்கம்மா. ரிலாக்ஸ். ஹொலிடே இப்ப. பொலிஸ்காரரும் ரோட்டில நிண்டு நனையினம். ஸோ ஃபன்!"

இந்த வருடம் சொங்கிரான் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் சரியான வேலை. மறுநாள் நம்முடைய சித்திரை வருடப்பிறப்பு. முந்நூறு ரோல்ஸ் ஓடர். வெளியே மழையும் பனியுமாகக் கொட்டியது. தேனுகா விடியற்காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. போன் தண்ணீருக்குள் விழுந்திருக்கும் என்று நான் சொன்னேன். அக்கா உருட்டினார், நிறுத்தினார், யன்னலடிக்குப் போனார், திரும்பி வந்தார். மூன்று ரோல்ஸ் வெடித்தன.

காலை ஒன்பதரைக்கு, பாங்கொக்கில் இரவு, அவருடைய போன் அடித்தது. கையெல்லாம் மா. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். ஓர் ஆண் குரல், தாய்லாந்துக்காரரின் இழுவை ஆங்கிலத்தில் கேட்டது:

"தேனுகா இரத்தினவேல் என்பவரைத் தெரியுமா?"

அக்காவின் முகம் கல்லாகிவிட்டது. "மாய் ரூ ஜாக்," என்றார். முழங்கையாலேயே போனை நிறுத்திவிட்டு அடுத்த ரோல்ஸை உருட்டத் தொடங்கினார்.

எனக்கு விசர் பிடித்தது, கோபத்தில் கத்தினேன்.

"அக்கா! என்ன செய்தனீங்கள்? உங்கட பிள்ளையின்ர பேரெல்லே அது!"

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. "ஐயோ, என்ர வாய்..." என்றார். 

அந்த இலக்கத்துக்கு நானே திருப்பி எடுத்தேன். பிஸி. மறுபடியும் பிஸி. அதற்குள், மா மூட்டைகளை இறக்கிவிட்டு, ஓடரை ஏற்றிப் போக வெளியே வான் வண்டியில் காத்திருந்த இரத்தினவேல் அண்ணை, சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்தார்.

"பிள்ளையைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டனப்பா," என்றார் அக்கா. "அவளையும் சொல்லிப்போட்டன்."

அந்த 'அவளையும்' எனக்கே குத்தியது. அண்ணை போனை வாங்கி விடாமல் அழுத்தினார். இருபது நிமிடம் அந்தச் சமையலறையில் யாரும் உட்காரவில்லை. அக்கா கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

கடைசியில் மறுபக்கம் போன் எடுபட்டது. அதே குரல்தான், ஆஸ்பத்திரியிலிருந்து. தேனுகா ஏறிப்போன மோட்டார் சைக்கிள் ஈர ரோட்டில் சறுக்கியிருக்கிறது. தொடை எலும்பு முறிவு, தலையில் அடி, நினைவு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. பாஸ்போட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த இலக்கம் இருந்ததாம். சத்திரசிகிச்சைக்கு எடுக்கப் போகிறார்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் உண்டா?

"பெனிசிலின்! பெனிசிலின் குடுக்காதையுங்கோ!" என்று அக்கா தமிழில் கத்திவிட்டு, பிறகு அவர்களுடைய பாஷையில் மூன்று தரம் சொன்னார். ஐந்து வயதில் அந்த மருந்தால் மூச்சடைத்துப் பிழைத்த பிள்ளை அது. குரல் யாரிடமோ அவசரமாகச் சொல்வது கேட்டது. ஊசி இன்னும் போடவில்லை, எழுதியாயிற்று, பயப்பட வேண்டாம் என்றது. அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு பெரிதாக மூச்சுவிட்டார்.

"படிவத்துக்காக," என்றது குரல், மறுபடி ஆங்கிலத்தில். "இலக்கத்துக்குக் கீழே இரத்தினவேல் என்று ஒரு பெயரும் இருக்கிறதே. அந்த மனிதர் யார்? அவரைத் தெரியுமா?"

அக்கா அண்ணையைப் பார்த்தார். மா மூட்டையை இறக்கின கையால் முகத்தைத் துடைத்திருப்பார்போல. கன்னத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அந்தக் கேள்வி அவருக்கும் விளங்கிவிட்டது. தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார் அக்கா ஆங்கிலத்தில். "என் புருஷன். எனக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்."

"மெல்லக் கதையப்பா," என்றார் அண்ணை பழக்கதோஷத்தில், வாசலைப் பார்த்தபடி.

அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, முன்னைவிடப் பலமாக, இன்னொரு தரம் சொன்னார்.