சவரிமுத்துவின் ஸ்டீரிங்

“தப்பு எம்மேலதான் ஆச்சி. அத்தான் அப்பவே கிரீஸ் அடிக்கச் சொன்னாக. நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டேன்.”

போன வாரம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு செல்வம் என்னிடம் இப்படிச் சொன்னான். அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். என்னோடு வந்திருந்த ஜெசிந்தா விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

(என்னை எல்லோரும் ஆச்சி என்பதால் பல்லில்லாத கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் செட்டியார் வீடுகளில் கல்யாணம் ஆன மறுநாளே ஆச்சிதான்!)

செல்வம் என் பக்கத்து வீட்டு சவரிமுத்துவின் மச்சினன். ஜெசிந்தா அந்த சவரிமுத்துவின் மகள். பழைய மினி லாரி ஒன்றை வைத்துப் பிழைப்பவன் செல்வம். அந்த லாரி புதுவயல் ரோட்டு வளைவில் பாலத்துச் சுவரில் போய் மோதியது. ஓட்டியவர் சவரிமுத்து. நசுங்கிய இடது பக்கம் உட்கார்ந்திருந்தவன் செல்வம். “ஸ்டீரிங் லாக் ஆயிருச்சு” என்றார் சவரிமுத்து. எல்லோரும் நம்பினார்கள்... கால் போனவன் உட்பட.

வராந்தாவில் ஜெசிந்தா சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். “வண்டியில ஒரு கோளாறும் இல்ல ஆச்சி. கோளாறு எங்க வீட்லதான் இருந்துச்சு. நான்தான் வச்சேன்” என்றாள்.

சவரிமுத்து ரைஸ் மில் லாரிகளை ஓட்டியே குடும்பத்தை நிமிர்த்தியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்ப வந்தது. காலும் வந்தது. வலது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. டம்ளரைப் பிடிக்கும், தூக்காது. டிரைவருக்கு இடது கை கியருக்குப் போய்விட்டால், ஸ்டீரிங்கைத் தாங்குவது வலது கை ஒன்றுதான். அது இல்லையென்றால் டிரைவர் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

மனிதர் பேச்சைக் குறைத்தார். சாப்பாட்டைக் குறைத்தார். எப்போதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே இருந்தார்.

ஜெசிந்தாவுக்கு சாஃப்ட்வேர் வேலை – வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பொருட்காட்சிகளில் காசு போட்டு ஓட்டுவோமே, அந்தப் பழைய கார் கேம்களை இன்றைய உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில் ஓட வைப்பாள். படம் அப்படியே வந்துவிடுமாம். ஸ்டீரிங்தான் தலைவலியாம்.

அந்தக் காலத்து மெஷின்கள் சிலவற்றில் ஸ்டீரிங்குக்கு நடு என்பதே கிடையாதாம். பம்பரம் மாதிரி எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். இன்றைய ஸ்டீரிங்குக்கு நடு உண்டு. இரண்டு பக்கமும் ஓர் இடத்தில் முட்டி நிற்கும். இரண்டையும் ஒத்துப்போக வைக்க, கம்ப்யூட்டரில் ஒரு நம்பர் போட வேண்டும். கை இவ்வளவு திருப்பினால் திரையில் கார் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்கிற நம்பர். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அதுவே போதும் என்று இப்போது தெரிகிறது.

அப்பாவின் கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று அவள் வேலையில் இறங்கினாள். மில் ஷெட்டில் கிடந்த ஒரு லாரி ஸ்டீரிங் வந்தது. பழைய சாமான் கடைத் தெருவிலிருந்து, இடித்த வீட்டின் தேக்கு நிலைச் சட்டம் வந்தது. ஆசாரி அதை அறுத்து ஸ்டாண்ட் அடித்தார். யாரோ ஒரு செட்டியார் வீட்டு வாசலைத் தாங்கிய மரம், கார் கேமைத் தாங்கியது! ரோஸ்லின், சவரிமுத்துவின் மனைவி, ஸ்டீரிங்கில் ஒரு ஜெபமாலையைச் சுற்றினாள்.

வலது கையால் மட்டும்தான் ஓட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் வாரம் வளைவுக்கு வளைவு மோதல். கை திருப்புவது போதவில்லை. மனிதர் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார்.

“அதுக்கு மேல எனக்குத் தாங்கல ஆச்சி. நம்பரைக் கொஞ்சம் கூட்டி விட்டேன்.”

கொஞ்சம் திருப்பினாலே கார் நன்றாக வளைந்தது. சவரிமுத்து சிரித்தார். பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. அவர் சோர்ந்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் கூட்டினாள். கை இருந்த இடத்திலேயே இருந்தது. கார் மட்டும் முன்னேறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார். ஒரு மோதல் இல்லை. “பாத்தீகளா ஆச்சி! வளைவுல எப்படி ஒடிச்சேன் பாத்தீகளா!” ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கவுனி அரிசியில் இனிப்புக் கிண்டி எல்லோருக்கும் கொடுத்தாள். நானும் கை தட்டினேன், கவுனியும் சாப்பிட்டேன். செல்வம் எழுந்து நின்று விசில் அடித்தான்.

டாக்டர் வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆனால் கண்ணால் பார்த்த பிறகு டாக்டர் சொல் எடுபடுமா? அந்த வாரமே செல்வம் சாவியை நீட்டிவிட்டான். “நீங்க ஓட்டுங்க அத்தான், நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்.” வளைவில் சவரிமுத்துவின் இடது கை கியருக்குப் போனது. வலது கை வீட்டில் திருப்பிய அளவுக்குத் திருப்பியது. வண்டி நேராகப் போனது.

“அப்பா அடுத்த வாரம் ஸ்கூல் வேன் வேலைக்குப் பேசி வச்சிருக்காக. மாமா வண்டிதான் மோசமாம், தன் கையி நல்லாத்தான் இருக்காம்” என்றாள் ஜெசிந்தா. “நான் என்ன செய்யட்டும் ஆச்சி? சொன்னா அப்பா செத்துருவாக. சொல்லலைன்னா...”

ஸ்கூல் வேன்!

வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு அறிவுரையை அள்ளி வீசுகிறேனே... அன்று அவள் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்ததோடு சரி. அவள் மேல் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. காய்ச்சல்காரரிடம் “முகம் தெளிஞ்சிருச்சே” என்கிறோம். பரீட்சையில் தேறாத பிள்ளையிடம் “அடுத்த தடவை பாரு” என்கிறோம். ஆளுக்கொரு நம்பரைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் பாசம் காட்டுகிறோம். பெரும்பாலும் அதனால் யாருக்கும் கால் போவதில்லை. அதுதான் நம் அதிர்ஷ்டம்.

“நம்பரைப் பழையபடி மாத்திரவா?” என்று அவளே கேட்டாள்.

“மாத்து. நானும் வர்றேன்” என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சவரிமுத்து உற்சாகமாகத்தான் உட்கார்ந்தார். “பாருங்க ஆச்சி, வேனுக்கு முன்னாடி கையைச் சூடு பண்ணிக்கிறேன்.” முதல் வளைவு. கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. மறுபடி கிளப்பினார். மறுபடி மோதியது. தோளைச் சாய்த்து, பல்லைக் கடித்து, உடம்பு முழுவதும் வளைந்து திருப்பினார். கார் வளையவில்லை. ரோஸ்லின் அடுப்பங்கரை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன தாயி, இதுவும் கெட்டுப் போச்சா?”

ஜெசிந்தா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “இல்லப்பா. இத்தனை நாளாத்தான் கெட்டிருந்துச்சு. நான்தான் கொஞ்சம் திருப்புனா நெறையத் திரும்புற மாதிரி வச்சிருந்தேன். இப்பத்தான்ப்பா சரியா இருக்கு.”

திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்து ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப, மச்சான் வண்டி நல்ல வண்டிதான்” என்றார்.

அடுத்த நாள் செல்வத்திடம் அதைச் சொல்ல மதுரைக்குக் கிளம்பினார். யாரையும் துணைக்கு வர விடவில்லை.

பஸ்ஸில்தான் போனார்.