எரியாத போர்டு

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் விடியுமுன்னே இரண்டு சிட்டி பஸ் அக்கம்பக்கமாக நிற்கும். ஒன்று சென்னைக்கு, இன்னொன்று ஆரம்பாக்கத்துக்கு. எது எந்த வண்டி என்று பார்த்தால் தெரியாது. இரண்டின் நெற்றியிலும் போர்டு எரியாது. இன்ஜின் அணைந்திருக்கும்போது போர்டைப் போட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்று ஒரு டிரைவர் எனக்கு விளக்கினார். அவர் வண்டி, அவர் பேட்டரி. பெயின்ட்டில் எழுதிய போர்டாக இருந்தாலாவது செல்போன் வெளிச்சத்தில் படித்துத் தொலைக்கலாம். இதில் எழுத்தே விளக்குதான். டார்ச் அடித்தால் கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரியும். அந்த நேரத்தில் அது பார்க்கக்கூடிய முகமும் இல்லை.

எங்கள் அப்பாவை நைனா என்போம். நைனாவுக்கு கிட்னி இரண்டும் போய்விட்டது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். காலையில் முதல் ஆளாக அவருக்கு மெஷின். நேரத்துக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும். போகாவிட்டால் அந்த மெஷின் வாசலில் காத்திருக்கும் யாருக்காவது போய்விடும், நமக்கு அடுத்த முறைதான். ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்று நர்ஸ் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். முதலில் கால் வீங்கும், அப்புறம் முகம், அப்புறம் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் அந்த முதல் பஸ்ஸை நாங்கள் விடவே கூடாது.

டிரைவரும் கண்டக்டரும் டீக்கடையில் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு வருவதற்குள் சீட்டெல்லாம் போய்விடும். நைனாவால் நின்றுகொண்டு வர முடியாது. ஆகவே நான் கூடையைப் பார்த்து ஏறுவேன். எங்கள் குப்பத்துப் பெண்கள் இறால் கூடையோடு எதில் ஏறுகிறார்களோ அது சென்னை வண்டி. அதுவரை ஒரு நாளும் தப்பவில்லை. போர்டைவிடக் கூடையை நம்பலாம் என்று நைனாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே வருவார்.

அன்றைக்கும் இருட்டில் கூடையைப் பார்த்துத்தான் ஏறினேன். நைனாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, துண்டால் காதைச் சுற்றிவிட்டேன். அவர் அப்படியே கண் அயர்ந்தார், நானும்தான். கண்டக்டர் பின்னாலிருந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டு எங்களிடம் வருவதற்குள் சென்னை ரோடு பிரிகிற திருப்பாலைவனம் தாண்டிவிட்டது. எனக்கு ஃப்ரீ டிக்கெட், நைனாவுக்குச் சென்னை ஒன்று என்று ரூபாயை நீட்டினேன்.

"ஆரம்பாக்கம் வண்டிம்மா இது," என்றார்.

அப்போதுதான் கூடைக்காரிகளின் முகத்தைப் பார்த்தேன். ஒருத்தியும் எங்கள் குப்பம் இல்லை. ஏரியில் எந்தக் குப்பத்துக்காரர்கள் எந்த நாளில் இறால் வலை கட்டலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்போம். எங்கள் பாடு இல்லாத நாளில் மட்டும் கூடையை நம்பாமல் கண்டக்டரைத் தேடிப்போய்க் கேட்பேன். முந்தின நாளோடு எங்கள் பாடு முடிந்து பக்கத்துக் குப்பத்துக்குப் போயிருந்தது. அவர்கள் சரக்கு போவது ஆரம்பாக்கத்து வியாபாரிக்கு. வீட்டில் அண்ணன் வலையைக் காயப்போட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக் கிழமைகளையே எண்ணிக்கொண்டிருந்ததில் ஏரிக் கணக்கு மறந்துபோயிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டேன். போர்டு எரியாத வண்டிக்குப் போர்டு ஒரு கேடா, அதைக் கழற்றி வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று கண்டக்டரைப் பிடித்துக் கத்தினேன். ஏறும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார் அவர். நியாயம்தான், அதனால் இன்னும் கத்தினேன். நைனா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். விசில் ஊதி, நைனாவுக்குக் கைகொடுத்து, கண்டக்டரே இறக்கிவிட்டார்.

இரண்டு பக்கமும் நெல் வயல். வந்த வழியே திருப்பாலைவனத்துக்கு நடந்தோம். நைனா நாலடிக்கு ஒரு தரம் நின்றார். நிற்கும்போதெல்லாம் வயலைப் பார்க்கிறவர் மாதிரி நின்றார், மூச்சு வாங்குவது எனக்குத் தெரியக்கூடாதாம். மெயின் ரோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்துவிட்டோம். அப்போது அந்த ரோட்டில் ஒரு பஸ் போனது. போர்டு பளிச்சென்று எரிந்தது. ஆரஞ்சு எழுத்தில் சென்னை என்று ஒரு குழந்தைகூடப் படித்திருக்கும். நான் ஓடினேன், கையை ஆட்டினேன், கத்தினேன். திரும்பிப் பார்த்தால் நைனா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அவரை விட்டுவிட்டு ஓடி அந்த பஸ்ஸை நிறுத்தி மட்டும் என்ன செய்திருப்பேன்?

அடுத்த வண்டி வெயில் ஏறி வந்தது. வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். எங்கிருந்து வருகிறோம் தெரியுமா, எத்தனை மணிக்கு எழுந்தோம் தெரியுமா, இந்த மனுசனைப் பார்த்தால் திருப்பி அனுப்ப மனசு வருமா என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைப் பேசவே விடவில்லை. இவ்வளவு நேரம் பார்த்தோம்மா, இப்போதுதான் வேறு ஆளைப் போட்டோம் என்றார். சாயந்திரம் ஏதாவது மெஷின் ஒழிந்தால் பார்க்கலாம், சொல்ல முடியாது, வெளியே உட்காருங்கள் என்றார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக நைனாவின் கட்டில் தெரிந்தது. அதில் சின்ன வயசுக்காரர் ஒருவர் கையில் ஊசியோடு படுத்திருந்தார். அவர் முகம் மழித்து நாலைந்து நாள் இருக்கும். அவரிடம் என்ன சண்டை போட?

வெளியே பெஞ்சில் மடியில் பிள்ளையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நைனாவின் வீங்கிய காலைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். கேட்காமலே பேச ஆரம்பித்தாள். அவளுக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"நாலஞ்சு நாளா வர்றதும் திரும்பிப் போறதுமா இருந்தோங்க ஐயா. யாராச்சும் வரலன்னாத்தான் எங்களுக்கு மெஷின். இன்னைக்கு யாரோ ஒரு புண்ணியவான் வரல. என் வூட்டுக்காரர உள்ள படுக்க வெச்சுட்டாங்க."

நான் அவள் பக்கம் திரும்பினேன். நைனா என் கையை அழுத்தினார். சொல்லாதே என்றுதான் அர்த்தம்.

"நல்லதும்மா," என்றார் அவளிடம். "நல்லபடியா எழுந்து வரட்டும்."

"உங்களுக்கு எப்ப ஐயா?" என்று கேட்டாள்.

"வரும்மா," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நடுவே நைனாவுக்கு மூச்சு வாங்கியது.