ஃப்ளெக்ஸ் தட்டியில் கொடுத்த பரம் வீர் சக்ரா

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இன்று குன்னூரில் எனக்கு மூன்று காய்கறி மண்டிகள் இருக்கின்றன. எவனும் தூக்கிக் கொடுக்கவில்லை, நானே சம்பாதித்தவை. வெலிங்டன் பட்டாளத்து மெஸ்ஸுக்குக் கேரட்டும் கோஸும் இறக்கியே முடி நரைத்தவன் என்பதால் மெடல் விஷயமும் கொஞ்சம் தெரியும். பரம் வீர் சக்ரா என்றால் அங்கே பெரிய அதிகாரிகூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். போர்க்களத்து வீரத்துக்கு நாடு கொடுப்பதில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. வாங்கியவர்களில் பாதிக்கு மேல் செத்த பிறகு வாங்கியவர்கள்.

அதைத்தான் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவன் ஃப்ளெக்ஸ் தட்டியில் அச்சடித்துக் கொடுத்துவிட்டான்.

அங்கே கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா. சிலோனிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். ஒரே மகன் ராணுவத்தில் சேர்ந்து, வடக்கே பனிச்சரிவில் சிக்கிச் செத்துப்போனான். அம்மாவுக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், தோட்டத்து வழக்கம் அது. மேனேஜர் பட்டாளத்திலிருந்து வந்தவர். சுதந்திர தினத்தன்று மகனுக்கு ஒரு விழா வைத்து, அவரிடம் வீட்டைக் கேட்பதாக ஏற்பாடு. மேடையில் உட்கார என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிடாமல் இருப்பார்களா, பந்தல் செலவு என்னுடையது.

போய்ப் பார்த்தால் தட்டியில் தலைவன் முகம் அண்டா அளவு. பையன் முகம் ஓரத்தில் தபால்தலை மாதிரி. கீழே, ‘பரம் வீர் சக்ரா பெற்ற மாவீரன்’.

“ஏம்ப்பா, இத யாரு குடுத்தது?” என்று தலைவனைக் கேட்டேன்.

“நாமதானுங்ணா. பெரிய மெடலாப் போட்டாத்தான தொரை எறங்கி வருவாரு.”

“தொரை பட்டாளத்துக்காரரப்பா. பாத்தாருன்னா அந்தம்மாவுக்கு ஊடு போயிரும்.”

“தட்டிய யாருங்ணா படிக்கறாங்க? நீங்க செவனேன்னு ஒக்காருங்க.”

காதுகுத்துத் தட்டியில்கூடத் தாய்மாமனுக்கு ‘மாமன்னர்’ பட்டம் போட்டுப் பழகிய கூட்டம். இவர்களுக்குப் பட்டமும் ஒன்றுதான், சக்ராவும் ஒன்றுதான்.

மேனேஜர் வந்தார். தட்டியைப் படித்தார். நீட்டிய மாலையை வாங்கவில்லை.

“இந்த மெடல் எப்பக் குடுத்தாங்க?”

தலைவன் என் முகத்தைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன்.

“பொய் சொல்லி வீடு கேக்கறீங்களா?” என்று மேனேஜர் ஜீப்புக்குத் திரும்பினார்.

அந்த அம்மா குறுக்கே போய் நின்றார்.

“மெடலெல்லாம் இல்லீங்க தொரை. எம் புள்ள சண்டையும் போடல. காவலுக்கு நின்னான், பனி மூடிருச்சு. இவங்க எழுதினத எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. வீடு இல்லாட்டிப் போகுது. அவனப் பொய்க்காரன்னு நெனச்சிராதீங்க.”

மேனேஜர் தொப்பியைக் கழற்றினார்.

“நீங்க அந்த வீட்லயே இருங்கம்மா. அந்தத் தட்டிய மொதல்ல எறக்கச் சொல்லுங்க.”

ஜீப் வளைவு திரும்பியிருக்காது, தலைவன் மைக்கைப் பிடித்துவிட்டான். நம் சங்கத்தின் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றியாம். வெட்கமில்லாமல் கைதட்டினார்கள். எனக்கென்று வைத்திருந்த பொன்னாடையோடு பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

“அத உங் கழுத்துலயே போட்டுக்கப்பா. நீதான போராடுனவன்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.