இறங்காத பாகன்

என் தம்பி பெண்டாட்டி புவா போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். இருந்தவரை அவளை ஊரே அழுக்கி என்றுதான் கூப்பிட்டது. நானும் கூப்பிட்டிருக்கிறேன், என் வாய் சும்மா இருக்குமா?

பக்கத்துச் சாம்பா நாட்டுக்காரர்களோடு சண்டை என்று அங்கோர் அரசன் ஆள் அனுப்பினான். தம்பி தோங் எங்கள் கொம்பன் யானையை ஓட்டிக்கொண்டு போனான். போருக்குப் போன பாகன் யானையிலிருந்து இறங்கும்வரை மனைவி வீடு பெருக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்து வாரக் கூடாது. யானை பழக்கும் எங்கள் கூய் சனத்தில் அப்படித்தான். மற்ற பெண்களுக்குப் புருஷன் திரும்பி வந்து நாலைந்து மாதத்தில் முடிந்துவிட்டது. இவளுக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

"அவன் போய்ச் சேர்ந்திருப்பான்டி. தலைய வாரித் தொலையேன்" என்றேன் ஒருநாள். எனக்கும் அவன் தம்பிதான். பார்க்கச் சகிக்கவில்லை.

"உங்க தம்பி இன்னும் இறங்கல அண்ணி."

அறுவடைச் சமயம், பட்டப்பகலில் கொம்பன் தனியாக வந்தது. நேரே அவள் வீட்டு வாசலில் கால் மடித்து உட்கார்ந்தது. கழுத்தில் ஆளில்லை. ஆனால் பாகன் பாதம் நுழைக்கும் கயிற்று வளையம் இரண்டும் தொங்கவில்லை, கால் இருப்பதுபோல விறைத்து நின்றன. உள்ளே கையை விட்டேன். சில்லென்று இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

போர் யானை பாகன் இறங்காமல் எழாது. கரும்பு, வாழை எதையும் கொம்பன் தொடவில்லை. ஆண்கள் அங்குசத்தால் குத்தியும் அசையவில்லை. பாகன் காலில் தண்ணீர் ஊற்றி இறங்கச் சொல்ல வேண்டியவள் மனைவி. இவளோ ஏணிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கூப்பிடுடி. யானை சாகுது."

"கூப்பிட்டா அவரு செத்தவரு அண்ணி. கூப்பிடாத வரைக்கும் போர்ல இருக்காரு."



மூன்றாம் நாள் கொம்பனின் கண்கள் குழிக்குள் போய்விட்டன. மூச்சு இழுத்தது. புவா அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே போய்த் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் எடுத்து வந்தாள். வலது வளையத்தில் ஊற்றினாள், இடதில் ஊற்றினாள்.

"போதும். இறங்குங்க" என்றாள், சோறு ஆறுகிறது என்று சொல்கிற குரலில்.

வலது வளையம் தொய்ந்தது. கொஞ்சம் பொறுத்து இடதும். கொம்பன் தள்ளாடி எழுந்து குளத்தைப் பார்த்து நடந்தது.

"நானே இறக்கிட்டேனே அண்ணி" என்று என்மேல் சாய்ந்தாள். மூன்று வருஷத்தில் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.