மருந்து தேவையில்லாத தலைச்சுற்று

அன்று அந்தச் சின்ன ஆஸ்பத்திரி அறைக்குள் நாங்கள் நாலு பேர்: தலை சுற்றி வாந்தி எடுத்த அம்மா, அவரைச் சைக்கிள் கரியலில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்த அப்பா, பின்னால் ஓடிவந்த பதினொரு வயது நான், தலை நரைத்த டொக்டர்.

காலையில் பாயில் வலப்பக்கம் திரும்பியபோதுதான் தொடங்கியது. வீடு சுழலுகிறது என்று அம்மா இரண்டு கையாலும் நிலத்தைப் பிடித்துக்கொண்டார்.

டொக்டர் அம்மாவைக் கட்டிலில் சாய்த்து, தலையைத் திருப்பி, கண்கள் துடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "காதுக்குள்ள மணல் மாதிரிப் பொடி இருக்கு. அது இடம் மாறிட்டுது. தலை திரும்பேக்க பொடி ஓடும், அதுதான் சுத்துது. கொஞ்ச நாளில தானாக் கரையும், இல்லாட்டிப் பழைய இடத்துக்குப் போயிடும். மருந்து தேவையில்லை."

யுத்தத் தடையால் வவுனியாவுக்கு அப்பாலிருந்து பனடோல் குளிசைகூட, அந்தத் தலையிடி மாத்திரைகூட, ஒழுங்காக வராத காலம். மருந்து முடிந்துவிட்டதைத்தான் இப்படி மரியாதையாகச் சொல்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

"இல்லையெண்டா இல்லையெண்டே சொல்லுங்கோ டொக்டர், நான் எங்கையாவது தேடி எடுப்பன்" என்றார் அப்பா.

"இருந்தாலும் தரமாட்டன். பயப்பிடாம எழும்பி நடமாடச் சொல்லுங்கோ."

நான் நம்பவில்லை. இன்றைக்கும் ஒரு தும்மலுக்கு ஊரைக் கூட்டுகிறவள் நான். அம்மா செத்துப்போவார் என்றே முடிவு கட்டினேன். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், உமி மூட்டையொன்றை இழுத்து வந்து அவரது வலப்பக்கத்தில் வைத்துக் காவல் இருந்தேன். திரும்பினால்தானே சுற்றும்? அன்று விட்ட பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் ஒழுங்காகப் போகவேயில்லை, அது வேறு கதை. அம்மா மூட்டையைத் தள்ளிவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போவார். அப்பா மருந்து தேடிப் பளைவரை போய் வெறுங்கையோடு வந்தார்.

மூன்று கிழமை கழிந்து ஒரு விடியல். அம்மா மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி வலப்பக்கமாகவே நித்திரை. நான் அலறிவிட்டேன்.

"என்னடி பிள்ளை, வீடு நிண்ட இடத்திலதான் நிக்குது" என்றார், கண்ணைத் திறக்காமலே.

என் மூட்டைதான் சுகப்படுத்தியது என்று பெருமையாகத் திரிந்தேன். பிறகொரு நாள் அம்மா ஒரு கட்டு முருங்கைக்காயோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வெளியே வாங்கில் இருக்க இடமில்லாமல் ஆட்கள். சுகம் வந்ததைச் சொன்னதும் டொக்டர் கதிரையை விட்டெழும்பி, அம்மாவை வாசலடிக்குக் கூட்டி வந்தார்.

"கொஞ்சம் பிலத்துச் சொல்லு தங்கச்சி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

அம்மா வெட்கத்தோடு திரும்பவும் சொன்னார். பெரிய மனுசன் இப்படித் தம்பட்டம் அடிக்கிறாரே என்று எனக்கு எரிச்சல். மருந்து இல்லையென்று அவர் அனுப்பிவைத்தவர்களில் எத்தனை பேர் சுகமாகி, முருங்கைக்காயோடு திரும்பி வந்து நின்றார்கள் என்று கேட்கத் தெரிகிற வயதில்லை எனக்கு.