சுவரில் வரைந்த கடல்

பெரிய மார்க்கெட்டில் மீன் பார்க்கக் குனிந்தபோதுதான் சேதி வந்தது. “வீராம்பட்டினத்து வேலாயுதம் பூட்டாரு. நேத்தே எடுத்துட்டாங்க. உனுக்கு யாரும் சொல்லலியா?” என்றாள் மீன்கார அம்மா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனுக்கு யாரு சொல்லுவா” என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். மீன் வாங்காமல் திரும்பினேன்.

அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். எங்களுக்குள் பேச்சு நின்றுபோன காரணத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறீர்கள். நடந்தது இதுதான்.

மில் மூடிய பிறகு போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. பூகோளத்தை நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்தேன். படித்ததை நாலு பேர் பார்க்கட்டும் என்று தேங்காய்த்திட்டு மீன் ஏலக் கொட்டகையின் சுவரைக் கேட்டு வாங்கி, உலகப் படம் எழுதினேன். மழைக்காட்டுக்குக் கரும்பச்சை, ஊசியிலைக் காட்டுக்கு இளம்பச்சை, புல்வெளிக்கு மஞ்சள், பாலைவனத்துக்குக் காவி, பனிநிலத்துக்கு வெள்ளை. கடலுக்கு நீலம்.

ஏலம் முடிந்து வந்த வேலாயுதம் பின்னால் நின்று பார்த்தார். அதுவரை எங்களுக்குப் பழக்கமில்லை.

“யோவ் பெயின்டரே, தரைக்கு அஞ்சு கலரு, கடலுக்கு ஒண்ணுதானா? டப்பா தீந்துபூடுச்சா?”

“புத்தகத்துல அப்படித்தான் இருக்குது.”

“புத்தகம் எழுதுனவன் கரையில நின்னுகினு எழுதியிருப்பான்.”

மறுநாளே என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். ஈயக்குண்டின் அடியில் சோப்பை அப்பி, கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கினார். ஆற்று முகத்துக்கு எதிரே சோப்பில் கருஞ்சேறு ஒட்டி வந்தது. “இங்க எறா கெடைக்கும்.” அதைத் தாண்டி மணல் வந்தது. வெகுதூரம் போனபின் ஒன்றுமே ஒட்டவில்லை. சோப்பில் கீறல் மட்டும் இருந்தது. அடியில் பாறை. அதைத்தான் பார் என்பார்கள். களவா, சங்கரா மீன்கள் குஞ்சு பொரித்து வளர்கிற இடம். “கடல்லயும் காடு இருக்குது, பொட்டலும் இருக்குது. மேல தண்ணி மூடிகினு இருக்குறதால உனுக்குத் தெர்ல” என்றார். கரையில் எந்தக் கோபுரமும் எந்தத் தோப்பும் எப்படி நேர்கோட்டில் வந்தால் அந்தப் பாருக்குமேல் நிற்கிறோம் என்பதையும் காட்டினார். காட்டிய கையோடு, “இத்த மட்டும் எழுதாத. எங்கப்பா எனக்கு மட்டும் சொன்னது” என்றார்.

எழுதினேன். சுவரின் மூலையில் நம் கடலைத் தனியாக வரைந்து, சேறு, மணல், பார் எல்லாவற்றுக்கும் வேறுவேறு நிறம் கொடுத்து, அந்த நேர்கோடுகளையும் போட்டேன். தெரிந்ததை மறைத்து வைப்பவர்கள்மேல் எனக்கு ஆயுள் முழுக்கக் கோபம். படித்தவர்கள் என்னிடம் மறைத்தது போதும் என்று நினைத்தேன்.

இழுவைப்படகுக்காரர்களுக்கு அந்தச் சுவர் போதுமானதாக இருந்தது. ஒருவன் போய்ப் பார்த்தான். பிறகு எல்லாப் படகின் ஜிபிஎஸ்ஸிலும் அந்த இடம் ஏறிவிட்டது. கனத்த சங்கிலி கட்டிய மடிவலையால் பாரைச் சுரண்டினார்கள். அந்தப் பருவம் முடியுமுன் அங்கே மீன் இல்லை.

வேலாயுதம் கொட்டகைக்கு வந்தார். பாரில் செடிபோல் முளைக்கும் கடல்விசிறியின் உடைந்த கிளை ஒன்றை என் பெயின்ட் டப்பாக்கள் நடுவில் வைத்தார். “இந்தாய்யா, உன் காடு.” அதோடு பேச்சு நின்றது.

போன மாதம் அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“செஞ்சது தப்புன்னு சொல்ல வந்தியா?”

“பாக்க வந்தேன்.”

சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறிற்று. அடங்கியபின், “இன்னொரு பார் இருக்குது. அத்தவிடப் பெருசு” என்றார். என்னை அறியாமல் முன்னால் குனிந்தேன். “பாத்தியா, காது கிட்ட வந்துடுச்சி! சொல்ல மாட்டேன், போ.” சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிள்ளைகளிடமும் அவர் சொல்லவில்லை. இருவருமே கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். அவர் அறிவெல்லாம் அவரோடு போய்விட்டதே என்று நீங்கள் வருந்துகிறீர்கள். எனக்கு அந்த வருத்தமில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இனி இங்கே கேட்டு என்ன ஆகப்போகிறது?

எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று சொல்லியே வாழ்ந்தவன் நான். இங்கிருந்து கிழக்கே எங்கோ ஒரு பார் உயிரோடு இருக்கிறது. எங்கே என்று எனக்குத் தெரியாது. அவர் எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான்.